மாமாவுக்குப் போட்ட ரோஜா மாலை

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் சொந்தமாக ஹெலிகாப்டர் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். எட்டு வயது வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் பள்ளிக்கூட பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் டாக்சி ஓட்டினார்கள், பேருந்து ஓட்டினார்கள், ஒருத்தியின் அப்பா தினமும் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு லாரி ஓட்டினார். அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "எங்க மாமா ஹெலிகாப்டர் ஓட்டுறாரு" என்பேன். அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எனக்குச் சாட்சியும் இருந்தது. மார்சிலிங்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். செம்பவாங் பக்கம் விமானப்படைத் தளம் இருந்ததால் ஹெலிகாப்டர்கள் எங்கள் தாழ்வாரத்துக்கு எதிரே போவதும் வருவதும் அன்றாட நடப்பு. பக்கத்து புளோக்கில் யாரும் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் படபடச் சத்தம் கேட்டதும் அம்மா போட்டது போட்டபடி வெளியே ஓடுவாள். கையில் தோசைக்கரண்டி இருந்தால் தோசைக்கரண்டி, பிழிந்த துணி இருந்தால் துணி, எது இருக்கிறதோ அதைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டுவாள். நானும் கூடவே ஓடிக் குதித்துக் குதித்துக் கையாட்டுவேன். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியம்மாவும் தன் கதவருகே நின்று தூசித் துணியை வீசுவார். ஏன் எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே அப்பா அடுப்பைக் குறைத்துக்கொண்டே, "போச்சு. மச்சான் புண்ணியத்துல இன்னைக்கும் கருகின தோசைதான்" என்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவரைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வளர்த்தது அம்மாதான். மதுரையில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே, காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாளாம். தம்பி படைப் பயிற்சியை முடித்து, சட்டையில் அந்த வெள்ளிச் சிறகைக் குத்திக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விட்டாளாம். அதற்கப்புறம்தான் சிங்கப்பூர், அப்பா, நான் எல்லாம்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாமா ஒருமுறை லீவில் வந்து போனார். வந்தவர் என்னைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துப் பயிற்சி கொடுத்ததாகவும், நான் அவர் சட்டையிலேயே பாலைக் கக்கி என் எதிர்ப்பைத் தெரிவித்ததாகவும் சொல்வார்கள். கிளம்பும்போது சாங்கி விமான நிலையத்தில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அக்கா, உங்க வீட்டுக்கு மேல ஹெலிகாப்டர் போனா ஒரு கை ஆட்டு. உள்ள எந்த ஊர்க்காரன் இருந்தாலும் அவன் எங்க ஆளுதான். கீழேருந்து யாராச்சும் கையாட்டினா எங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும்."

அந்த வருடமே வடக்கே பனிமலையில் சண்டை மூண்டது. மேலே அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களைக் கீழே கொண்டுவரும் வேலை மாமாவுக்கு. ஹெலிகாப்டரை முழுதாக இறக்க இடம் கிடையாது. ஒரு பக்கத்துக் காலைப் பாறையில் தொட்டும் தொடாமல் வைத்துக்கொண்டே ஆளை ஏற்ற வேண்டும். விடிந்ததிலிருந்து அப்படியே போய்ப் போய் வந்திருக்கிறார். சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டது, இன்றைக்குப் போதும் என்று மேலதிகாரி சொல்ல, "இன்னும் ஒருத்தன் மேல இருக்கான் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கிளம்பினார். அந்தக் கடைசித் தடவை போனவர் வரவில்லை. ஹெலிகாப்டரும் கிடைக்கவில்லை. அவர் தொப்பியையும், பிற்பாடு அரசாங்கம் கொடுத்த வீரப் பதக்கத்தையும்தான் சொந்தக்காரர்கள் வாங்கி அனுப்பி வைத்தார்கள். அம்மா பதக்கத்தை வெல்வெட் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். "அவன் வந்து அவனே குத்திக்கட்டும்" என்றாளாம்.

மாமா பாறையில் ஒற்றைக் கால் வைத்ததும், 'இன்னும் ஒருத்தன்' என்று கிளம்பியதும் எனக்கு மனப்பாடம். அதற்கப்புறம் என்ன ஆனது என்று என்னிடம் அம்மா சொல்லியிருந்தது இவ்வளவுதான்: "மாமா ஒருத்தரக் கூட்டிட்டு வர மலைக்குப் போயிருக்கான். இன்னும் வரல." எனக்கு அது போதுமானதாக இருந்தது. மலை பெரிது, ஆள் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார். நடுவில் எங்கள் புளோக் பக்கம் ஒரு எட்டு வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போகிறார். வேலை மும்முரத்தில் கீழே இறங்க நேரமில்லை. அப்பாவுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ரிப்பேர் வேலை வந்தால் சாப்பிட நேரமிருக்காதே!

அவருடைய படம் எங்கள் வரவேற்பறைச் சுவரில் இருந்தது. சீருடையில், தொப்பி லேசாகச் சாய்ந்து, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன முகம். அந்தப் படத்தைச் சட்டம் போட அம்மா தேக்கா தமிழ்க் கடைத்தெருவுக்கு எடுத்துப் போன கதையை அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். கடைக்காரர் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, கேட்காமலேயே ஒரு சந்தனச் சீவல் மாலையையும் குட்டிச் சிவப்பு பல்பையும் எடுத்து மேஜைமேல் வைத்தாராம். அம்மா பிடித்த பிடியில் மனிதர் சட்டத்தை இலவசமாகவே தருவதாகச் சொல்லியும் கேளாமல், பாதி தெரு கேட்கிற மாதிரி, "எந்தம்பி உசுரோட இருக்கான்!" என்று கத்திவிட்டு வந்தாளாம்.

எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த பெரிய சண்டையும் அந்த மாலையைப் பற்றியதுதான். சுவரில் இருக்கும் படத்துக்கு மாலை விழாத வரை அவர் வர வேண்டிய ஆள். விழுந்துவிட்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது. அம்மா தன் தம்பியை அந்த வெறும் படத்தில்தான் உயிரோடு பிடித்து வைத்திருந்தாள். அதை மல்லுக்கட்டி இழுத்துக்கொண்டிருந்தவர் என் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. புக்கிட் மேராவிலிருந்து பஸ், ரயில் எல்லாம் மாறி, கையில் பெரிய டிபன் கேரியரோடு வந்து சேர்வார். நல்ல மனசு, ஓயாத வாய். அமாவாசை நெருங்கினால் டிபன் கேரியரோடு ஒரு சந்தனச் சீவல் மாலையும் வரும்.

"ஏம்மா, இத்தன வருஷமாச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணி இறைக்க வேணாமா? பாவம், எங்க கெடந்து தவிக்குதோ."

"அவன் தவிக்கறத நீங்க பாத்தீங்களா அண்ணி?"

"நான் எங்கம்மா பாத்தேன்..."

"அப்ப விடுங்க."

அத்தோடு பேச்சு முடியும். அம்மா மாலையை மரியாதையாக வாங்கி அலமாரியில் வைப்பாள். அடுத்த அமாவாசைக்கு இன்னொன்று வரும். அலமாரியைத் திறந்தாலே கோயில் வாசனை அடித்தது.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். மாலை என்றால் மரியாதை. கல்யாணத்தில் போடுகிறார்கள், சாமிக்குப் போடுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் போடுகிறார்கள். அத்தை கொண்டுவருவதோ பென்சில் சீவின மாதிரி காய்ந்த மாலை. எங்கள் மாமாவுக்கு அது எந்த மூலைக்கு? அம்மா வேண்டாம் என்பது நியாயம்தான்! நல்லதாக ஒரு பூமாலை வாங்கிவந்தால் மறுக்கவா போகிறாள் என்று அத்தையின் கஞ்சத்தனத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதான வருடம் ஜூலை மாதம், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'எனக்குப் பிடித்த வீரர்'. மற்றவர்கள் எல்லாம் மன்னர்களையும் தளபதிகளையும் பற்றி அப்பா அம்மா எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு, அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமாக வந்திருந்தார்கள். எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு வீரரைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அம்மாவுக்கு மருத்துவமனையில் காலை ஷிஃப்ட். அப்பாதான் கூட்டிப்போனார்.

சிறப்பு விருந்தினர் எங்கள் தொகுதி எம்.பி. சீனர். வெள்ளைச் சட்டைக்குமேல் தொப்புள் வரை தொங்கும் சிவப்பு ரோஜா மாலை, தேக்காவிலிருந்து காலையில்தான் வந்தது, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பாவம், அவருக்குப் பூ வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போல, மூன்று ராஜாக்கள் பேசி முடிப்பதற்குள் தும்மித் தீர்த்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவர் காதில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஓதிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கையை ஆட்டி, காலைத் தட்டி, தொண்டை கிழியப் பேசினேன். மாமா பாறையில் ஒற்றைக் கால் வைத்த கதையைச் சொல்லும்போது நானே மேடையில் ஒற்றைக் காலில் நின்று காட்டினேன். சிரித்தார்கள். கடைசியில் இப்படி முடித்தேன்: "இன்னும் ஒருவர் மேலே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு எங்கள் மாமா போனார். இன்றுவரை அவரைத் தேடிக்கொண்டே இருக்கிறார். கண்டுபிடித்ததும் வந்துவிடுவார். ஏனென்றால் எங்கள் மாமா யாரையும் விட்டுவிட்டு வர மாட்டார். நன்றி, வணக்கம்."

கைதட்டலே இல்லை. நான் பயந்துபோனேன். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சமோசா தட்டு ஏந்தி வந்த தொண்டூழியர் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார். எங்கேயோ தப்பாகப் பேசிவிட்டோம், ஒரு ராஜாவையாவது உள்ளே சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் மொழிபெயர்ப்பு எம்.பி.யின் காதுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மன்றமே எழுந்து நின்றது. பிறகு தட்டினார்களே ஒரு தட்டு, யப்பா!

எம்.பி. மேடைக்கு வந்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி, என் எதிரே குந்தி உட்கார்ந்தார். இது எனக்கு வர வேண்டியதே இல்லை, உன் மாமாவுக்கு உரியது, என் சார்பில் நீயே அவருக்குப் போட்டுவிடு என்று ஆங்கிலத்தில் சொல்லி மாலையை என் கழுத்தில் போட்டார். கொஞ்சமும் விளையாட்டாகச் சொல்லவில்லை, கண் சிவந்திருந்தது. தும்மலால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மாலை விஷயத்தில் அவருக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே அளவு ஞானம்தான்.

போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு. நேரம் தாண்டிவிட்டேனாம். ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். முதல் பரிசு வாங்கிய ஒட்டு மீசைக்காரனுக்கு மாலை கிடையாதே, எனக்கு அதுவே போதும்! வெளியே வரும் வழியெல்லாம் ஆட்கள் அப்பாவின் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். அப்பாவோ, "மாலைய அப்பாகிட்ட குடும்மா" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டார். கொடுப்பேனா? முழங்காலில் இடிக்க இடிக்க அதைப் போட்டுக்கொண்டே நடந்து வந்தேன்.

எங்கள் புளோக்கின் கீழே இரண்டு லிஃப்ட்டில் ஒன்று நின்றுபோய், உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் பழுதானால் அப்பாவுக்கு லீவாவது ஒன்றாவது, அவரைப் பார்த்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "நீ மேல போ, இதோ வந்துடறேன். மாலைய அப்படியே மேசையில வை, என்ன?" என்றார். நான் தலையாட்டிவிட்டு இன்னொரு லிஃப்ட்டில் ஏறினேன்.

வீட்டில் அத்தை வந்திருந்தார். டிபன் கேரியர், ஒரு மாலைப் பொட்டலம், எல்லாம் வழக்கம்போல. நான் நேராகச் சமையலறை முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து படத்துக்குக் கீழே போட்டேன்.

"ஏய், என்னடி பண்ற?"

"மாமாவுக்கு மாலை."

"உங்கம்மா சொன்னாளா?"

"எம்.பி. சொன்னாரு."

"எம்.பி.யா!" அத்தைக்கு அரசாங்கத்தின்மேல் அபார மரியாதை. "எம்.பி.யே சொல்லிட்டாரா? ஐயோ சாமி, அப்புறம் யாரு என்ன சொல்றது?" என்று ஓடிவந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி, மாமாவின் படத்துக்கு அந்த ரோஜா மாலையைப் போட்டேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனாலும் என்ன ஒரு கம்பீரம்! அத்தை பூசை மாடத்திலிருந்து மோதிர விரலில் குங்குமம் தொட்டுக்கொண்டு வந்தார். பொட்டு வைக்கக் கையைத் தூக்கினார். கதவு திறந்தது.

அம்மா வெள்ளைச் சீருடையோடு, கழற்றின காலணியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். படத்தைப் பார்த்தாள். அத்தையின் விரலைப் பார்த்தாள். காலணி கீழே விழுந்தது.

"யாரு போட்டது?"

அத்தையின் ஓயாத வாய் ஓய்ந்தது அன்றைக்குத்தான். "நாந்தாம்மா!" என்று நான் முன்னால் போய் நின்றேன். "இது அத்தை மாலை மாதிரி காஞ்ச மாலை இல்ல. எம்.பி. கழுத்துலேருந்து கழட்டிக் குடுத்தாரு. எல்லாரும் எழுந்து நின்னாங்க, தெரியுமா? மாமாவுக்காக ஹால் முழுக்க எழுந்து நின்னாங்க!"

"என்ன பேசின நீ?"

"மாமா பத்திதான்."

"பேசு. எனக்குப் பேசிக் காட்டு."

மாமாவின் படத்துக்கு முன்னால் நின்று மறுபடி முழுவதையும் பேசினேன். ஒற்றைக் காலிலும் நின்று காட்டினேன். அம்மா தோள்பையைக்கூட எடுக்காமல் தரையில் உட்கார்ந்து கேட்டாள். "எங்கள் மாமா யாரையும் விட்டுவிட்டு வர மாட்டார்" என்ற இடம் வந்தபோது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார். கையெல்லாம் லிஃப்ட் கிரீஸ். வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றார்.

இத்தனை வருடம் மாலை மாலை என்று உயிரை வாங்கிய அத்தைதான் முதலில் கலங்கினார். "புள்ள தெரியாம செஞ்சிருச்சும்மா. நானும் கூறுகெட்டுப் போய்... எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன்" என்று மாலையில் கை வைத்தார்.

"வேணாம் அண்ணி."

அம்மா எழுந்து வந்தாள். கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாலையைப் பிடித்து, தூக்கிக்கொண்டிருந்த பக்கத்தைச் சரியாக இறக்கிவிட்டு, நடுவில் கொஞ்சம் அகட்டினாள். "சிறகு மறையுது பாருங்க," என்றாள். "எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினான் அத. அது தெரியணும்."

அப்புறம் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். புடவைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலில் விழும் சத்தம் கேட்டது. வெல்வெட் பெட்டியோடு வந்து, அதைத் திறந்து, பதக்கத்தின் நாடாவைத் தன் சீருடையில் துடைத்துச் சட்டத்தின் மூலையில் மாட்டினாள். கடைசியாக, குங்கும விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்ற அத்தையின் கையைப் பற்றி, மாமாவின் நெற்றிக்குத் தானே கொண்டுபோனாள். அத்தை ஓவென்று அழுதார். அத்தை அழுததைப் பார்த்து அம்மா அழுதாள். அப்பா கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார். நல்ல பூமாலைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது பார் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சனிக்கிழமை தேசிய தின ஒத்திகை. பெரிய ஹெலிகாப்டர் ஒன்று தேசியக் கொடியைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, இரு பக்கமும் சின்ன ஹெலிகாப்டர்கள் துணைக்கு வர, எங்கள் புளோக்கைத் தாண்டிப் போகும். சத்தம் கேட்டதும் நான் வழக்கம்போல ஓடினேன். மக்சிக் தூசித் துணியோடு தயாராக நின்றார். அம்மா வரக் காணோம். "அம்மா! மாமா, மாமா!" என்று கத்தினேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக வந்தாள். தாழ்வாரச் சுவரோரம் நிமிர்ந்து நின்றாள். கையைத் தூக்கி ஆட்டவில்லை. கொடி எங்களைக் கடந்து மறையும் வரை இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா இன்னைக்கு டாட்டா காட்டல?"

"இனிமே இப்படித்தான்டா கண்ணு."

மக்சிக் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் அமைதியாக நின்றார். எனக்குச் சட்டென்று விஷயம் விளங்கிவிட்டது. மன்றமே எழுந்து நின்று, எம்.பி. மாலை கொடுத்து, பதக்கமும் மாட்டியாகிவிட்டது. மாமாவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய அதிகாரிக்கு இனிமேலும் தோசைக்கரண்டியை ஆட்டினால் நன்றாகவா இருக்கும்? திங்கட்கிழமை பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாக அதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.